மணி பிளான்ட் பாட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள்!

மணி பிளான்ட்டைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் வளரும் என்பார்கள். நானும் என் ஓரகத்தி காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, அவள் வீட்டுக் கொடியில் ஒரு கிளையை நறுக்கி எடுத்து வந்தவள்தான். ஒரு கணு தண்ணீரில் மூழ்கும்படி காலி ஸ்குவாஷ் பாட்டிலில் வைத்தேன். சில வாரங்களில் வேர் விட்டு, பச்சையில் மஞ்சளைத் தெளித்த மாதிரி இலைகள் வந்தன. ஷோகேஸ் மேல் வைத்து, நூல் கட்டிச் சுவரில் படர விட்டேன். தண்ணீர் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன். அவ்வளவுதான் பராமரிப்பு!

2023 ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 'சாக்கடை அள்ளவில்லை, காலி மனையில் குப்பை கொட்டுகிறார்கள்' என்று ஊரையே திட்டித் தீர்த்தேன்.

வீடு திரும்பிய மறுநாள், மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க ஒரு பெண் வந்தார். தண்ணீர்த் தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு எல்லாம் பார்த்துவிட்டு, நேரே ஷோகேஸ் பக்கம் போய் டார்ச் அடித்தார். "அக்கா, இங்க வந்து பாருங்க" என்றார். வேர்களுக்கு நடுவே புழுக்கள் துள்ளி நெளிந்தன. எனக்குத் தலை சுற்றிவிட்டது. மகளைக் கடித்தது இந்தக் கொசுதானா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றுவரை மனசு உறுத்துகிறது.

டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போகாதாம். வீட்டிலும் வாசலிலும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்குமாம். கடிப்பதும் பகலில்தான். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். முட்டைகள் பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அதற்காக ஆசையாய் வளர்த்த கொடியைத் தூக்கி எறியவில்லை. கணுவோடு நறுக்கி, செம்மண்ணும் மணலும் மக்கிய சாண உரமும் கலந்த தொட்டியில் நட்டேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுகிறேன். அடித்தட்டில் தேங்கினால் உடனே கொட்டிவிடுவேன். உச்சி வெயில் படாமல், வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலோரம் வைத்தேன். ஷோகேஸ் இருட்டில் வெறும் பச்சையாகிப் போயிருந்த கொடி, புதிதாக விடும் இலைகளில் மறுபடி மஞ்சள் காட்டுகிறது! தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டதில் இலைகளும் பெரிதாகி இருக்கின்றன.

ஆசைக்கு ஒன்றே ஒன்று மட்டும் தண்ணீரில் இருக்கிறது, கை நுழையும் அகல வாய் பாட்டிலில். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது அதையும் தேய்த்து, வேரை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதால், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஊரைத் திட்டுவதற்கு முன் நம் வீட்டு ஷோகேஸைப் பார்ப்போமே! மணி பிளான்ட்டால் பணம் வருகிறதோ இல்லையோ, காய்ச்சல் வராமல் இருந்தாலே பெரிய லாபம்தான். என்ன தோழிகளே, இப்போதே எழுந்து போய்ப் பார்ப்பீர்கள்தானே?

- ஓர் இல்லத்தரசி, மதுரை.