ரூ.555 வந்த போன் பில் ரூ.24,609! எந்தக் கோர்ட்டு கேட்பது?

ஆமதாபாத்தில் ஒரு சந்தாதாரர். மாதம் ரூ.249 திட்டத்தில் செல்போன். சராசரியாக ரூ.555 பில் வரும். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரை ஒரு மாத பில் ரூ.24,609! யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

2014 மே மாதம் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். ரூ.22 ஆயிரம் நஷ்டஈடு கேட்டார். பில் சரியா, தப்பா என்ற விசாரணைக்கு முன்பே கம்பெனி (இன்றைய வோடபோன் ஐடியா) குறுக்கே ஒரு கட்டையைப் போட்டது. இதை விசாரிக்க நுகர்வோர் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லையாம்!

கம்பெனி கையில் ஒரு பழைய தீர்ப்பு இருந்தது.

கோழிக்கோட்டில் ஒருவரது லைனை, பணம் கட்டவில்லை என்று டெலிபோன் இலாகா துண்டித்தது. இணைப்பும் ரூ.5 ஆயிரமும் கொடுக்கும்படி நுகர்வோர் கோர்ட்டு சொன்னது. இலாகா கேரள ஐகோர்ட்டுக்கு ஓடியது. ஐகோர்ட்டு தலையிட மறுத்துவிட்டது.

இலாகா விடவில்லை. 2009 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் புரட்டிப் போட்டது. 1885-ம் ஆண்டு தந்திச் சட்டம் 7-பி பிரிவுப்படி, பில் தகராறு மத்திய சர்க்கார் நியமிக்கும் மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும். அவர் சொன்னதே முடிவு. கோர்ட்டில் அதைக் கேட்க முடியாது.

லைனும் சர்க்காருடையது, மத்தியஸ்தரும் சர்க்கார் நியமித்தவர்! ஏமாந்த சந்தாதாரர் எங்கே போய்ச் சொல்வது? அதன்பிறகு எத்தனையோ டெலிபோன் புகார்கள் நுகர்வோர் கோர்ட்டு வாசலிலேயே திரும்பின.

ஆமதாபாத் வழக்கில் அது பலிக்கவில்லை. மாவட்ட கோர்ட்டு, மாநில கமிஷன், தேசிய கமிஷன் மூன்றும் கம்பெனியின் ஆட்சேபத்தைத் தள்ளின. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு. 2022 பிப்ரவரி 16-ல் நீதிபதிகள் சந்திரசூட், சூர்யகாந்த், விக்ரம்நாத் மூவரும் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். மத்தியஸ்தர் வழி இருப்பதால் நுகர்வோர் கோர்ட்டு கதவு மூடாது. எந்த வழி என்பது சந்தாதாரர் இஷ்டம் என்றார்கள். 2009 தீர்ப்பு செல்லாமல் போனது.

1885 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் இந்த உரிமையில் கை வைக்கவில்லை. சில்லறைக் கடைக்காரரும் குமாஸ்தாவும் தாங்களே போய் வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

ஆனால் ஒன்று. 2014-ல் கொடுத்த புகார் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 8 வருஷம். அத்தனையும் எந்தக் கோர்ட்டு கேட்பது என்ற சண்டைக்கு. அந்த ரூ.24,609 சரியா, தப்பா என்ற பேச்சுக்குள் சுப்ரீம் கோர்ட்டு போகவே இல்லை.