கருநீலச் சுவர்

வரவேற்பறைச் சுவருக்குக் கருநீலமும் கரும்பச்சையும் பூசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. "வீடு இருண்டு போகும்" என்று உம்மம்மாமார் முகம் சுளிப்பது முழுக்கச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இருட்டிலும் அழகுண்டு. ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிஸாக்கி 1933இல் நிழலைப் புகழ்ந்து நீண்ட கட்டுரையே எழுதினார். ஆனால் அவர் புகழ்ந்த நிழல் பெயின்ட் வாளியிலிருந்து வந்ததல்ல. தாழ்ந்த கூரையும் காகிதக் கதவும் வெளிச்சத்தை வடித்துக் கொடுத்ததால் வந்தது. நமது பழைய நாற்சார் வீடுகளும் அப்படித்தான்: உள்ளறையில் இருட்டு, முற்றத்தில் வெயில்.

பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்த ஒற்றை ஜன்னலுள்ள கொழும்பு வீட்டில் கதை வேறு. வெள்ளைச் சுவர் தன்மேல் படும் ஒளியில் 80 வீதமளவைத் திருப்பித் தரும். கருநீலம் 10 வீதம்கூடத் தராது. பிறகு பகலிலும் மின்குமிழ் எரியும். மின்கட்டணம் வரும்போது ஏச்சு வாங்குவது அங்கிருந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைதான். குசினியையாவது விட்டுவிடுங்கள், தோழியரே! அரிசியில் கல் பொறுக்கும் உம்மாவின் கண்களுக்கு நாகரிகம் தெரியாது.

ஆசை விடாதென்றால், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை வெள்ளையாக விட்டு, ஜன்னல் இருக்கும் சுவருக்கே பூசலாம். அதில் வெளிச்சம் குறைவாகவே விழுவதால் இழப்பும் குறைவு. கண் கூசினால் மெல்லிய திரை போதும்.