3060-ஆ, 4060-ஆ? கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போற அப்பா அம்மாவுக்கு ஒரு நீளமான பதிவு

1/ கிராபிக்ஸ் கார்டு பத்தி ஒரு ஜிஎச் டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேப்பீங்க. வத்திராயிருப்பு மாதிரி ஊர்ல டாக்டர்கிட்ட மாத்திரை மட்டும் கேக்க மாட்டாங்க. "பையன் இன்ஜினியரிங்ல ஏஐ படிக்கிறான், கார்டு வேணுங்கிறான், நகையை வச்சாவது வாங்கிடலாமா சார்?"னும் கேப்பாங்க. பிபி பார்க்கிற நேரத்துல சொல்லி முடிக்கிற பதில் இல்ல அது. அதான் இந்தப் பதிவு.

2/ இந்த விலைக்குள்ள அதிகமா அடிபடுற பெயர் ரெண்டு. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060. "4060 தான் புதுசு, வேகம், அதையே எடுங்க"ன்னு சொல்லுவாங்க. என் கருத்து வேற. கேம் மட்டும்னா 4060 சரி. ஏஐ படிப்புக்குன்னா 12 ஜிபி 3060. முதல் வருஷப் பிள்ளைங்க நிறைய பேருக்கு ரெண்டுமே இப்போ தேவையில்லை. ஏன்னு சொல்றேன்.

3/ முதல்ல எண்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060: வந்தது 2021 பிப்ரவரி. 3584 கோர். 12 ஜிபி மெமரி. மெமரியில இருந்து நொடிக்கு 360 ஜிபி டேட்டா எடுக்கும். மின்சாரம் 170 வாட்.

ஆர்டிஎக்ஸ் 4060: வந்தது 2023 ஜூன். 3072 கோர். 8 ஜிபி மெமரி. நொடிக்கு 272 ஜிபி. மின்சாரம் 115 வாட்.

4/ பேப்பர்ல பார்த்தா மின்சாரம் தவிர எல்லாத்துலயும் பழசு தான் பெருசு. ஆனா கேம்ல 4060 தான் வேகம். இது எப்படி?

சளி, அரிப்புக்குக் கொடுக்குற செட்ரிசின் 10 மில்லிகிராம். லீவோசெட்ரிசின் 5 மில்லிகிராம். மில்லிகிராம் பாதி, வேலை கிட்டத்தட்ட ஒண்ணு தான். தலைமுறை மாறினா எண்ணை எண்ணோட வச்சு ஒப்பிட முடியாது. கோர் கணக்கும் அப்படித்தான். 3060-ஓட கோர் அதிகபட்சம் 1.78 கிகாஹெர்ட்ஸ்ல ஓடும்னா 4060-ஓடது 2.46-ல ஓடும். சிப்புக்குள்ளேயே இருக்கிற கேஷ் 3 எம்பியில இருந்து 24 எம்பி ஆயிருக்கு. அதனால அடிக்கடி மெமரிக்குப் போய் வர வேண்டியதில்லை.

5/ எவ்வளவு வேகம்? சாதாரண 1080பி ஸ்கிரீன்ல சராசரியா 20 சதவீதம்னு என்விடியாவே சொல்லுது. 1.7 மடங்குன்னு ஒரு கணக்கும் விளம்பரத்துல வரும். அது 'ஃபிரேம் ஜெனரேஷன்' போட்டு எடுத்த கணக்கு. கார்டு வரைஞ்ச ரெண்டு படத்துக்கு நடுவுல ஏஐ ஒரு படத்தைச் செஞ்சு சொருகும். கண்ணுக்கு வழுவழுன்னு தெரியும். ஆனா உங்க பிள்ளையோட ஏஐ ப்ராஜெக்ட் இதனால ஒரு நிமிஷம் கூட சீக்கிரம் முடியாது. மருந்துக் கம்பெனி வரைபடம் எதைக் காட்டுனாலும் "எதை அளந்தாங்க?"ன்னு தான் நாங்க முதல்ல கேப்போம். இங்கயும் அதையே கேளுங்க.

6/ இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். மெமரி.

வேகம் 20 சதவீதம் குறைஞ்சா ஒரு மணி நேர வேலை ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். மெமரி பத்தலைன்னா வேலையே நடக்காது. 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு காட்டிட்டு நின்னுடும். மெதுவா போற கூமாபட்டி பஸ் எப்படியும் ஊர் சேர்த்திடும். ஏறவே இடமில்லாத பஸ் எவ்வளவு வேகமா போனா நமக்கு என்ன?

ஒரு கணக்கு. 700 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மொழி மாடலை 8 பிட்டுல ஏத்தினா அதுக்கு மட்டும் சுமார் 7 ஜிபி வேணும். 8 ஜிபி கார்டுல மூச்சு விட இடமிருக்காது. 12 ஜிபியில வேலை செய்யலாம்.

7/ "4 பிட்டாக் குறைக்கலாமே, பேட்ச் சைஸைக் குறைக்கலாமே?"ன்னு விஷயம் தெரிஞ்ச தம்பிங்க கேப்பீங்க. நியாயம், செய்யலாம். ஆனா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குற குடும்பம் முதல் நாள்லயே குறைச்சுக் குறைச்சு ஓட்ட வேண்டிய பொருளை ஏன் வாங்கணும்? ராமை அப்புறம் கூட்டிக்கலாம். கார்டு மெமரியைக் கூட்ட முடியாது.

8/ 4060 பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டும் முழு வேகத்துல ஓடும்போது வித்தியாசம் 55 வாட். தினம் 4 மணி நேரம் ஓட்டினா ரெண்டு மாசத்துக்குச் சுமார் 13 யூனிட். 100 யூனிட் இலவசத்துல ஓடுற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. நம்ம ஊர் மே மாசத்துல ரூம் சூடும் குறையும்.

9/ வாங்குறதுக்கு முன்னாடி நாலு எச்சரிக்கை.

ஒண்ணு: 3060 பெயர்லயே 8 ஜிபி கார்டும் இருக்கு. வேகம் நொடிக்கு 240 ஜிபி தான். அட்டையில பெயர் ஒண்ணு, உள்ள மருந்து வேற. பெட்டியில '12 ஜிபி'ன்னு கண்ணால பாருங்க.

ரெண்டு: லேப்டாப்ல வர்ற 3060-க்கு 6 ஜிபி தான். இந்தப் பதிவுல சொன்னது டெஸ்க்டாப் கார்டுக்கு.

மூணு: செகண்ட் ஹேண்ட்ல மலிவா வந்தா ஜாக்கிரதை. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதும் இரவு பகலா ஓடின கார்டுகள் சந்தைக்கு வந்துச்சு. பில், சீரியல் நம்பர், மீதி வாரண்டி இல்லாம காசு கொடுக்காதீங்க.

நாலு: 2025-ல வந்த 5060 இன்னும் புதுசு, இன்னும் வேகம். மெமரி அதே 8 ஜிபி தான்.

10/ கடைசியா ஒண்ணு. கூகுள் கோலாப், காகிள் ரெண்டும் இணையம் வழியா இலவசமாவே கார்டு தருது. பெரும்பாலும் கிடைக்கிற டி4 கார்டுக்கு 16 ஜிபி மெமரி. காகிள்ல வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம். சாதாரண லேப்டாப்பும் நெட்டும் போதும். கட்டுப்பாடு இருக்கு, நேரம் முடிஞ்சா நிறுத்திடும். ஆனா கத்துக்கத் தாராளம். பிள்ளை அதுல ஆறு மாசம் வேலை செய்யட்டும். "இது பத்தல, இந்த இடத்துல நிக்குது"ன்னு காட்டினா, அப்போ வாங்கிக் கொடுங்க. என்ன வாங்கணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

11/ டெஸ்ட் எடுக்காம, நோய் என்னன்னு தெரியாம, விலை கூடுன மருந்தை எழுதுற டாக்டரை நீங்க நம்ப மாட்டீங்க. "எந்த வேலைக்கு?"ன்னு கேக்காம கார்டைக் கையில கொடுக்கிறவங்களையும் நம்பாதீங்க. அந்தக் கேள்வியை வீட்டுலயே கேட்டுட்டு கடைக்குப் போங்க. நகையை அடகு வைக்கிறது அதுக்கு அப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிளஸ் டூ முடிச்ச பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்புங்க.