நீஸ் நகரின் குளிர்காலம்

பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த நீஸ் நகரைக் கோடையில் காண்பதே சிறப்பு என்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்நகரை வளர்த்ததே குளிர்காலம்தான். தம் நாட்டுக் கடுங்குளிருக்கு அஞ்சி அங்கு வந்து தங்கிய ஆங்கிலேயர், 1820களில் வேலையின்றி வாடிய உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடற்கரைப் பாதையொன்றை அமைத்தனர். இன்றும் அது 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றே வழங்குகிறது. கோடையில் வெயில் காயக் கூடும் வழக்கமோ 20ஆம் நூற்றாண்டில் வந்தது. யுனெஸ்கோவும் 2021இல் குளிர்கால உறைவிட நகரம் என்னும் சிறப்பு கருதியே உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதனைச் சேர்த்தது. எனவே, விடுதி வணிகர் 'பருவமல்லாக் காலம்' எனச் சூட்டிய பெயரை நாம் ஏற்க வேண்டியதில்லை. கடல்நீர் குளிரும்; விடுதிகள் சில அடைத்திருக்கும். இருக்கட்டுமே! சனவரிக் காலையில் கூர் சலேயா சந்தையில் பூ வாங்குவோரும், 'சொக்கா' என்னும் கடலைமாவு அடையைச் சுடச்சுட உண்போரும் பெரும்பாலும் அவ்வூராரே.