உயரத்தைத் தொலைக்க வேண்டாமே!

டிரேசிங் பேப்பரில் தொடங்கி ஆட்டோகேடில் ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் இன்று ஒரு கருத்து.

சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து தரும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் இருக்கும். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு. ஆட்டோகேடில் 'ஃபிளாட்டன்' என்றொரு கட்டளை உண்டு. அது மூன்றாவது எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

இதற்குத் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. மேலிருந்து பார்க்க இரண்டு கோடுகள் மூலையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்று அரை மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இணைக்கச் சொன்னால் கணினி மறுத்துவிடும். நீளம் கேட்டால் சாய்வின் நீளத்தைச் சொல்லும். 100 மீட்டர் சாய்கோட்டின் ஒரு முனை 10 மீட்டர் உயர்ந்திருந்தால், படத்தில் அதன் நீளம் 99.5 மீட்டர்தான். மனையின் பரப்புக்கு இந்தக் கிடை நீளம்தான் கணக்கு.

பழைய ஆட்களும் இதைச் செய்தவர்கள்தான். 1802ல் லாம்டன் துரை நம் பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. சங்கிலி போட்டு அளந்த நீளத்தைச் சாய்வு கழித்து, கடல் மட்டத்துக்குக் குறைத்துக் கணக்கிட்டார்கள். ஆனால் சாய்வுக் கோணங்களையும் ஏட்டில் குறித்து வைத்தார்கள். கோடு தட்டையானது, தகவல் தொலையவில்லை.

இன்று நடப்பது வேறு. ஃபிளாட்டன் செய்து, அதே பைலில் சேமித்து, மூலத்தை அழித்துவிடுகிறார்கள். 12 மீட்டர் கான்டூரும் 13 மீட்டர் கான்டூரும் ஒரே தரையில் படுத்துவிட்டால், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அடுத்து வரும் பொறியாளர் எப்படிச் சொல்வார்?

நம் ஊர்க்காரர்களுக்கு இது வெறும் கணினி விவகாரம் அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த வெள்ளத்துக்குப் படம் வரைந்தவர் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு படி உயர வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு என்று அன்று தெரிந்தது. பட்டாவோடு நாம் வாங்கும் புலப்பட நகலில் நீளம், அகலம் எல்லாம் இருக்கும். உயரம் இருக்காது. இருக்கிற ஒரே சர்வே படத்திலும் அதை அழித்துவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

வரைகிற பிள்ளைகளுக்கு: மூலப் படத்தைத் தொடாதீர்கள். நகலில் மட்டும் தட்டையாக்குங்கள். அதற்கு முன் முக்கியமான இடங்களின் லெவலை எழுத்தாகவே எழுதி, தனி லேயரில் வையுங்கள். எழுதிய எண்ணை ஃபிளாட்டன் அழிக்காது. எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து எடுத்த லெவல் என்றும் ஒரு வரி சேருங்கள்.

மனை வாங்குகிறவர்களுக்கும், பேரப்பிள்ளைக்கு வீடு கட்டுகிறவர்களுக்கும்: பிளானைக் கையில் கொடுத்ததும் படுக்கையறையை எண்ணாதீர்கள். சாலையின் லெவல் என்ன, வீட்டுத் தரையின் லெவல் என்ன, பக்கத்துக் கால்வாயின் லெவல் என்ன என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் படத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.