வீட்டில் நடந்தாலும் அது வணிகமே



நம் மஹல்லாக்களில் குழந்தைகளுக்கான ஆடை விற்கும் சகோதரி ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிது. ஒருவர் திருப்பூரிலிருந்து பின்னலாடைகளை மொத்தமாக வரவழைத்து வாட்ஸப் குழுவில் விற்கிறார். இன்னொருவர் ஈரோட்டில் துணி எடுத்து, அக்கம்பக்கத்துத் தையல்காரப் பெண்களிடம் கொடுத்துக் கவுனும் சுடிதாரும் தைத்து விற்கிறார். இவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?" என்பதாகும். காலை பத்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் தகப்பனாரிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதாக நான் அறியேன்.

கேள்வியே தவறு என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாயும் தந்தையுமாகிய இருவர். ஆனால் இத்தகைய இல்லங்களில் எழும் சிக்கல்களை நெருங்கிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். பெண் வணிகம் செய்வதால் வந்த சிக்கல்கள் அவற்றுள் குறைவு. அவள் செய்வது வணிகம்தான் என்று வீட்டார் ஒப்புக்கொள்ளாததால் வந்தவையே அதிகம். 'சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறாள்' என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் அவளுடைய உழைப்பும் முதலும் இலாபமும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன.

குழந்தை ஆடை எளிய வியாபாரம் என்று எண்ணுவோர் அதன் சரக்கைக் கையாண்டு பார்த்ததில்லை. புடவைக்கு அளவு கிடையாது, யாருக்கும் விற்கலாம். குழந்தையின் கவுன் அப்படியன்று. ஒரே மாதிரியை 16 முதல் 26 வரை இரட்டை எண்களில் எடுத்தால் ஆறு அளவுகள். அதையே மூன்று நிறங்களில் எடுத்தால் பதினெட்டு உருப்படிகள். நடு அளவுகள் ஒரு வாரத்தில் விற்றுவிடும். ஓரத்து அளவுகள் அலமாரியிலேயே தங்கிவிடும். அவ்வாறு தங்கிய நான்கைந்து உருப்படிகளுக்குள்தான் அந்த மாதிரியின் இலாபம் முழுவதும் மடங்கிக் கிடக்கும். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது மெய்யே. ஆயினும் அங்கு நாம் விரும்பும் வரிசையில் அளவுகள் அமைவதில்லை. ஈரோட்டுக் கனி மார்க்கெட்டின் வாரச் சந்தையோ திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடப்பது. கைக்குழந்தையுடன் இருக்கும் பெண் இரவுச் சந்தைக்கு எவ்வாறு செல்வாள்? கணவரோ தம்பியோ சென்று அலைபேசியில் படம் அனுப்ப, அவள் வீட்டிலிருந்தபடியே தெரிவு செய்கிறாள். மூட்டையைப் பிரித்த பிறகுதான் படத்தில் கண்ட நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்று தெரிகிறது.

இதற்கு மேல் அன்றாட வேலை இருக்கிறது. குழந்தை உறங்கும் இரண்டு மணி நேரத்தில் படம் எடுக்க வேண்டும், விலை எழுத வேண்டும், பொட்டலம் கட்ட வேண்டும், கூரியருக்கு அனுப்ப வேண்டும். "மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த அளவு சரியாக இருக்கும்?" என்று கேட்கும் இருபது பேருக்குப் பதில் எழுத வேண்டும். (மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் ஓரளவில் இருப்பதில்லை என்பது கேட்கும் தாய்மார்களுக்கும் தெரியும், இருந்தும் கேட்பார்கள்.) நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. ஜும்ஆ உரைகளில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி இது. அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதையும், கூரியர் அலுவலகத்திற்கு ஒரு நடை சென்று வருவதையும் இதில் அடங்கியதாக எத்தனை ஆண்கள் கருதுகிறார்கள்?

இனி, வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயத்திற்கு வருகிறேன். அந்தப் பணம் யாருடையது?

ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்கும், பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்கும் பங்குண்டு என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 4:32 வசனம் தெளிவாக்குகிறது. மனைவி மக்களுக்கு உணவும் உடையும் அளிக்கும் கடமை தந்தைக்குரியது என்பதை 2:233 கூறுகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பில் வளர்ந்த அநாதைப் பிள்ளைகளுக்கும் தாம் செலவிடுவது தர்மமாக நிறைவேறுமா என்று பிலால் (ரலி) அவர்கள் மூலம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உறவைப் பேணியதற்கு ஒன்றும் தர்மத்திற்கு ஒன்றுமாக இரண்டு நற்கூலிகள் உண்டு என்று பதில் வந்தது. இந்தச் செய்தியை மனைவி குடும்பத்திற்குச் செலவிடுவதன் சிறப்பைச் சொல்லவே நாம் பெரிதும் எடுத்துக்காட்டுகிறோம். அதற்கு அடிப்படையாக நிற்கும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்பொருள் அந்த அம்மையாருடையது என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பமாக இருந்ததால்தான் அவ்வாறு கேட்க முடிந்தது.

நம் வீடுகளில் நடப்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். ஒரு சகோதரி 40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார் என்று கொள்வோம். விற்று வந்தது 52,000. கூரியர், உறை, மாற்றிக் கொடுத்தது, கிழிசல் எனச் செலவு 5,000. கையில் நிற்பது 47,000. உண்மையான இலாபம் 7,000. ஜூன் மாதம் வருகிறது. பள்ளிக் கட்டணத்திற்கு, "உன்னிடம்தான் பணம் இருக்கிறதே" என்று 20,000 எடுக்கப்படுகிறது. இலாபம் போக 13,000 ரூபாய் முதலிலிருந்தே போய்விட்டது. அடுத்த கொள்முதலுக்கு எஞ்சுவது 27,000. குறைந்த பணத்திற்குக் குறைந்த மாதிரிகள், குறைந்த விற்பனை. இரண்டு பருவம் இவ்வாறு சென்றால் வளையல் அடகுக் கடைக்குப் போகும். வட்டியை வெறுக்கும் குடும்பம், பள்ளிக் கட்டணத்திற்காக மறைமுகமாக வட்டி கட்டத் தொடங்கும். அப்போது வீட்டார் சொல்வது: "இந்த வியாபாரம் நஷ்டம், மூடிவிடு." வியாபாரம் நஷ்டமடையவில்லை. அதன் முதல் சாப்பிடப்பட்டுவிட்டது.

குடும்பத்திற்குத் தேவை வரும்போது மனைவி கொடுக்கலாகாது என்பதன்று என் வாதம். பெரும்பாலான தாய்மார்கள் மனமுவந்து கொடுப்பவர்களே. கொடுத்தது அன்பளிப்பா, கடனா என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். கடன் என்றால் எழுதிவைக்க வேண்டும். கணவன் மனைவிக்குள்ளுமா எழுதிவைப்பது என்று சிலர் முகம் சுளிப்பர். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதாகும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்று அது அறிவுறுத்துகிறது. உறவினருக்கு விலக்கு ஏதும் கூறவில்லை. வணிகத்திற்கென்று தனி வங்கிக் கணக்கும் ஒரு நோட்டும் இருந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும். உறவினர் வாங்கும் கடன் சரக்குக்கும் இதே நோட்டுதான். மதினியின் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க விரும்பினால் பரிசாகவே கொடுத்துவிடலாம். 'பிறகு தருகிறேன்' என்று எடுத்துச் சென்று, கேட்டால் மனவருத்தம், கேட்காவிட்டால் நஷ்டம் என்ற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்துவது உறவைப் பேணுவதாகாது.

ரமளானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தை ஆடைக்குப் பெருநாளே பெரும்பருவம். நபி (ஸல்) அவர்கள் கடைசிப் பத்து இரவுகளில் தாமும் விழித்திருந்து குடும்பத்தாரையும் விழிக்கச் செய்வார்கள் என்று அறிகிறோம். நம்மிலும் பல வீடுகள் விழித்துத்தான் இருக்கின்றன, பொட்டலம் கட்டுவதற்காக. இவ்வாண்டுகளில் ரமளான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் நோன்பும் பிள்ளைகளின் ஆண்டிறுதித் தேர்வும் பெருநாள் ஆர்டர்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஸஹருக்கு எழுந்து சமைப்பவளும் அவளே. தேர்வுக்குப் படிக்க வைப்பவளும் அவளே. "என் பார்சல் இன்னும் வரவில்லையே" என்ற குரல் பதிவுக்குப் பதில் சொல்பவளும் அவளே.

இதில் விற்பவரைவிட வாங்குவோராகிய நம் பொறுப்பே பெரிது என்பேன். பிறை 25இல் ஆர்டர் கொடுத்துப் பெருநாளுக்கு முன் கேட்பது நாம்தானே? நாம் ஷஅபானிலேயே வாங்கிவிட்டால் விற்பவரின் இரவும் மிஞ்சும். தையல் இயந்திரத்தின் முன் கூலிக்கு அமர்ந்திருக்கும் பெண்களின் இரவும் மிஞ்சும். பிள்ளை ஒரு மாதத்தில் வளர்ந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. ஓரளவு கூட்டி எடுத்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ஆகும். விற்பவர்களும் ரமளான் 20இல் ஆர்டர் முடிந்தது என்று ஷஅபானிலேயே அறிவித்துவிட வேண்டும். முதலாண்டில் சில வாடிக்கையாளர்கள் வேறு இடம் தேடிப் போகக்கூடும். ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ் என்று விலைப்பட்டியலின் தலையில் எழுதும் நாம், அந்தச் சில ஆர்டர்களை விடத் துணியத்தான் வேண்டும்.

விற்கும் சகோதரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. கடைத்தெருக் கடைக்குக் கதவு உண்டு, இரவானால் அடைபடும். கையில் உள்ள கடைக்குக் கதவு இல்லை. மதரஸாவில் ஓதியதைச் சொல்லிக்காட்ட வந்த பிள்ளை, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிப்போவது, பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு. மஃரிப் முதல் பிள்ளைகள் உறங்கும் வரை பதில் கிடையாது என்று குழுவின் முகப்பிலேயே எழுதிவிடுங்கள். துவைத்தால் சுருங்கும் பருத்தியை, சுருங்கும் என்று சொல்லியே விற்க வேண்டும்; அளவில் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையுடன் தொடங்கும் 83ஆம் அத்தியாயம் முழக்கோலுக்கும் பொருந்தும். தம் பிள்ளைகளையே அழகாக உடுத்திப் படம் எடுத்து, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுக்களில் போடுவதை நான் ஏற்பதில்லை. ஆடையைத் தரையில் விரித்து எடுத்தாலும் விற்கும்.

அதைவிட அவசரமானது ஒன்று: கழுத்தில் கட்டும் கயிறு. சிறு குழந்தைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியிலும் தலைமூடியிலும் இழுகயிறு இருத்தலாகாது என்பது ஐரோப்பியப் பாதுகாப்பு விதி; எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதே காரணம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இதைக் கவனித்தே தைக்கிறார்கள். நாம் உள்ளூரில் தைக்கும் சிறுமிகளின் மக்கனாவில் கயிறும் வைக்கிறோம், குண்டூசியும் குத்துகிறோம். இலாஸ்டிக் வைத்துத் தைத்தால் போதும்.

ஜகாத் விஷயத்திலும் 'சின்ன வியாபாரம்தானே' என்ற எண்ணம் குறுக்கிடுகிறது. விற்பனைக்கு உள்ள சரக்கின் அன்றைய மதிப்பு, கையிருப்புப் பணம், வந்துசேரும் என்று நம்பத்தக்க கடன் ஆகியவற்றைக் கூட்டி, சரக்குக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, எஞ்சியது நிஸாபை எட்டி ஓராண்டு ஆகியிருந்தால் இரண்டரை சதவீதம் கொடுப்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கூறும் முறை. தையல் இயந்திரமும் அலமாரியும் இதில் சேரா. உங்கள் நிலைக்கு ஏற்ற விவரத்தை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாதவரால் இதையும் கணக்கிட முடியாது.

நம் ஜமாஅத்துகளின் பங்கும் இதில் உண்டு. பல ஊர்களில் பைத்துல்மால் இயங்குகிறது. மருத்துவத்திற்கும் திருமணத்திற்கும் உதவுகிறது. கடை வைக்கும் ஆணுக்கு வட்டியில்லாக் கடன் தரும் இடங்களும் உண்டு. அதே கடனைக் கேட்டு வீட்டில் ஆடை விற்கும் பெண் வந்தால், "கணவர் என்ன செய்கிறார்?" என்று விசாரித்து அனுப்பிவிடுகிறார்கள். குழந்தை ஆடை வியாபாரத்திற்குப் பணம் தேவைப்படும் காலமும் அது திரும்பும் காலமும் முன்பே தெரிந்தவை. ரஜப் மாதத்தில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ கொடுத்தால் ஷஅபானில் சரக்கு விற்பனைக்கு வரும். ஷவ்வாலில் பணம் திரும்பி வரும். இரண்டு பேர் ஜாமீன், கொள்முதல் ரசீது, கணக்கு நோட்டு ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஆணிடம் கேட்பதையே கேளுங்கள். வரும் ரஜபுக்குள் ஒரு மஹல்லாவில் ஐந்து சகோதரிகளுக்கு இவ்வாறு கொடுத்துப் பார்க்கலாம். யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் அமர்வில் வணிகம் அறிந்த பெண்கள் இருவரையும் உட்கார வைக்கலாம்.