ஒளி பிடித்த வாத்தியார்

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளி மாணவராய் இருந்தபோது, இலங்கை கித்துல்கலவில் 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைப் பார்த்தார். இயக்குநர் டேவிட் லீன் "மழை!" என்றதும் மழை கொட்டியதாம். அன்றே சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது.

பூனாவில் ஒளிப்பதிவு படித்தார். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். பாலா, வெற்றிமாறன் போன்றோர் அவரிடம் தொழில் கற்றவர்கள். 2007-இல் சென்னையில் 'சினிமா பட்டறை' தொடங்கி வாத்தியாராகவே ஆனார். மாணவர்களைக் கதைகள் வாசிக்க வைத்தார். 2014-இல் மறைந்தார்.

இங்கே ஒன்றை யோசியுங்கள். அவரை மயக்கிய அந்தப் படம் சயாம் மரண ரயிலைப் பற்றியது. 1942-43-இல் அந்தப் பாதை போடப் போய் மாண்ட நம் தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர். படத்திலோ வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதைதான்.

ஜொகூர்த் தோட்டத்துப் பெற்றோரே! உங்கள் பிள்ளை கையில் இன்று கைப்பேசிக் கேமரா இருக்கிறது. தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதையெல்லாம் முதலில் அவனுக்குச் சொல்லிவையுங்கள். படம் பிடிப்பதை அவன் பிறகு கற்றுக்கொள்வான்.